சிவப்புக் குச்சிக்கு நாற்பதடி தள்ளி

தனபால்: அதிசயம்னு போடுங்க அம்மிணி.

ஷிரீன்: போட முடியாதுங்கண்ணா. போர்ச்சுகீஸ்ல அப்படி எழுதினா அதைச் சர்ச்சுக்குத்தான் அனுப்பணும். இது மொசாம்பிக்ல தண்ணி ஆபீசுக்குப் போற லெட்டர்.

தனபால்: அப்ப... நடக்காதது நடந்துபோச்சுன்னு போடுங்க.

ஷிரீன்: என்ன நடந்துச்சு?

தனபால்: அதாஞ் சொல்றேனுங்களே. நடக்காதது.

ஸ்ரீதேவி: ஊட்லயும் இதே கதைதாங்க. எங்கூரு எருமப்பட்டியில பஸ் ஏறுனதுல இருந்து கேட்டுக்கிட்டு வாரேன். பொஞ்சாதிகிட்டக்கூடச் சொல்ல மாட்டீங்கறாரு.

தனபால்: நீ செத்த சும்மா இரு புள்ள.

ஷிரீன்: அக்கா கேட்டதைத்தான் நானும் கேக்குறேன். சரி, வந்த மெயிலைத் தமிழ்ல சொல்லிடுறேன், சரியான்னு பாருங்க. நீங்க போர் வண்டில டிரில்லர். திருச்செங்கோட்டு ஓனரோட வண்டி, மொசாம்பிக்ல ஓடுது.

தனபால்: ஆமாங்க. ஆறு வருசமா அங்கதான். லீவுல வந்திருக்கறேன்.

ஷிரீன்: போன மாசம் நம்புலா பக்கம் ஒரு கிராமத்துல போர் போட்டீங்க. ஜெர்மன்காரங்க காசு குடுக்குற திட்டம். எந்த இடத்துல போடணும்னு மிஷின் வெச்சுப் பாத்து, செவப்புப் பெயின்ட் அடிச்ச குச்சி நட்டுக் குடுத்திருக்காங்க. நீங்க அங்க போடாம நாப்பதடி தள்ளிப் போட்டிருக்கீங்க.

தனபால்: தண்ணி வந்துச்சுங்களே. மூணு இஞ்சு. கையடி பம்பும் மாட்டியாச்சு.

ஷிரீன்: தண்ணியப் பத்தி அவங்க கேக்கலை. குச்சியிருந்த இடத்தை ஏன் மாத்துனீங்கன்னு கேக்குறாங்க. காரணம் சரியில்லைன்னா பம்பைக் கழட்டிட்டு, போருக்கு மூடி போட்டு வெல்டு அடிச்சிருவாங்களாம். அப்புறம் வேற வண்டி வந்து, குச்சி இருந்த இடத்துலயே திரும்பப் போடுமாம்.

தனபால்: அதுதாங்க... அது மட்டும் ஆவக்கூடாது.

ஸ்ரீதேவி: மூடுனா மூடட்டுமே. உங்க சம்பளத்துல புடிப்பாங்களா?

தனபால்: சம்பளம் கெடக்குது. அந்த எடத்துல போர் போடக்கூடாது.

ஷிரீன்: எந்த இடத்துல? குச்சி இருந்த இடத்துலயா?

தனபால்: ...தண்ணி இல்லாம அந்தூருச் சனம் மூணு மைல் நடக்குதுங்க. அதச் சொன்னேன்.

ஷிரீன்: நீங்க அதைச் சொல்லலையேண்ணா.

தனபால்: மணி என்ன ஆச்சுங்க?

ஷிரீன்: ரெண்டு. அங்க மத்தியானம் பன்னண்டுக்குள்ள போய்ச் சேரணும். நமக்கு மூணரை. ஒன்றரை மணிநேரம் இருக்கு. இங்கிலீஷ்ல ஒண்ணு, போர்ச்சுகீஸ்ல ஒண்ணு.

ஸ்ரீதேவி: ஏனுங்க அம்மிணி, இந்த அஸ்தம்பட்டியில உக்காந்துக்கிட்டு அந்த பாசைய எப்புடிங்க படிச்சீங்க?

ஷிரீன்: சென்னைல கால் சென்டர் வேலைக்கா. பிரேசில் கஸ்டமரோட பேசுறது. கல்யாணமாகி இங்க வந்ததும் சும்மா இருந்தேன். அப்புறம் திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரங்க எப்படியோ தேடிப் புடிச்சு வந்துட்டாங்க. இப்ப மாசம் பத்து லெட்டர் வருது. அண்ணனுக்குமே கொஞ்சம் தெரியுமே?

தனபால்: எனக்கென்னங்க தெரியும். அகுவான்னா தண்ணி. பாரான்னா வண்டிய நிறுத்து. அமஞ்ஞான்னா நாளைக்கு.

ஸ்ரீதேவி: இவரு போன்ல நாளைக்குக் கூப்புடறேன்னா ஒரு வாரம் ஆகும். அங்க போயி அதத்தான் படிச்சாரு போல.

தனபால்: எழுதலாமுங்களா?

ஷிரீன்: எழுதலாம். ஆனா எந்த வார்த்தைன்னு நீங்கதான் சொல்லணும். இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு இங்கிலீஷ்ல மூணு படி இருக்கு. 'அன்யூஷுவல்', வழக்கமில்லாதது, எப்பவாச்சும் நடக்கும். 'ரேர்', அதவிடக் கம்மி, விரல் விட்டு எண்ணலாம். 'அன்ப்ரசிடென்டட்', இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நடக்காதது.

ஸ்ரீதேவி: போர்ச்சுகீஸ்ல?

ஷிரீன்: அங்கயும் மூணு படி. 'இன்வுல்கார்'. பிரேசில்ல வேற மாதிரி சொல்வாங்க, மொசாம்பிக்குக்கு இதான் நல்லாருக்கும். அடுத்து 'ராரு'. கடைசி, 'நுங்கா ஆன்தெஸ்'. முன்னெப்பவும் இல்லைன்னு அர்த்தம்.

தனபால்: கடைசியாச் சொன்னதையே போடுங்க. நுங்கா.

ஷிரீன்: பொறுங்க. மொத ரெண்டையும் போட்டா, 'எப்பவாச்சும் நடக்கும்னு தெரியுமில்ல, ஏன் முன்னாடியே எங்ககிட்ட கேக்கலை'ம்பாங்க. நுங்கா ஆன்தெஸ் போட்டா அந்தக் கேள்வி வராது. ஆனா அது பொய்யின்னு தெரிஞ்சா மொத்த லெட்டரும் போச்சு. கீழ உறுதிமொழி இருக்கு. எழுதினதெல்லாம் நிஜம்னு நீங்க கையெழுத்துப் போடணும்.

தனபால்: போடறேன்.

ஷிரீன்: எத்தனை வருசமா போர் வண்டில இருக்கீங்க?

தனபால்: இருபத்தியாறு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர், பொறவு ஆப்பிரிக்கா. ஒரு நாலாயிரம் போராச்சும் எறக்கியிருப்பேன்.

ஷிரீன்: இந்த நாலாயிரத்துல, குச்சி நட்ட இடத்தை நீங்களா மாத்தினது இதான் மொதத் தடவை?

தனபால்: ...ஆமாங்க.

ஷிரீன்: சரி. இப்பக் காரணம் சொல்லுங்க.

தனபால்: மண்ணு எளக்கமுங்க. வண்டி நிக்கல.

ஷிரீன்: எளக்கமா?

தனபால்: ஆமாங்க. சக்கரம் பொதைஞ்சிருச்சு.

ஷிரீன்: மெயில்லயே அவங்க போட்டோ வெச்சிருக்காங்கண்ணா. காலைல எட்டரைக்கு வண்டி அந்தக் குச்சிக்குப் பக்கத்துலதான் நிக்குது. சக்கரம் ஒரு இஞ்ச்கூட எறங்கலை. பாருங்க, பாறை மாதிரி இருக்கு.

ஸ்ரீதேவி: ஐயோ, போட்டோ எடுத்துட்டானுங்களா.

தனபால்: சிரிக்காத புள்ள.

ஸ்ரீதேவி: கௌசிக் மூணாங்கிளாஸ்ல வவுத்துவலின்னு லீவு லெட்டர் எழுதுனானே, எங்கண்ணம் பையன், அதாட்டமே இருக்குது.

ஷிரீன்: அண்ணா, உங்களுக்கு நல்லதுதான் பண்ணப் பாக்குறேன். நிஜத்தைச் சொன்னா அதுக்கேத்த வார்த்தைய நான் தேடித் தர்றேன்.

தனபால்: ...தேங்காய்ங்க.

ஷிரீன்: என்னது?

தனபால்: தேங்காய் வெச்சுப் பாத்தேன். உள்ளங்கையில தேங்காயப் படுக்கவெச்சு நடந்தம்னா, நீரோட்டம் இருக்கற எடத்துல எந்திரிச்சு நிக்கும். குச்சிகிட்ட நிக்கலை. நாப்பதடி தள்ளி நின்னுச்சு. அதான் மாத்திட்டேன்.

ஷிரீன்: ஜெர்மன்காரன் காசு குடுக்குற வேலைக்குத் தேங்காய் வெச்சுப் பாத்தீங்களா?

ஸ்ரீதேவி: அப்புடிச் சொல்லாதீங்க அம்மிணி. அது பொய்யில்லைங்க. எங்க தோட்டத்துலயே இவருதான் தேங்காய் வெச்சுப் பாத்தாரு. இருபது வருசம் ஆச்சு. சுத்துப்பட்டுல எல்லா போரும் வத்திப்போச்சு, எங்களுது மட்டும் ஓடுது. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அந்த மோட்டார்கிட்ட நான் தேங்காய் ஒடைக்கறேன்.

தனபால்: அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு.

ஸ்ரீதேவி: நீங்கதானுங்க தேங்காயின்னு ஆரம்பிச்சீங்க. அம்மிணி, தேங்காயிக்கு போர்ச்சுகீஸ்ல என்னங்க?

ஷிரீன்: கோக்கு. ஆனா லெட்டர்ல போட மாட்டேன். சிரிச்சுட்டு மூடி போட்டு வெல்டு அடிச்சிருவாங்க... அண்ணா, இந்தம்மா யாரு?

தனபால்: எந்தம்மா?

ஷிரீன்: இந்தப் போட்டோல. எட்டு அம்பதுக்கு எடுத்தது. குச்சி இருந்த இடத்துல ஒரு துணிய விரிச்சு உக்காந்திருக்காங்க. அடுத்த போட்டோ ஒம்பது இருபது, அங்கயேதான் இருக்காங்க. பத்து மணிக்கு நீங்க வேற இடத்துல ராடு எறக்கிட்டிருக்கீங்க. அப்பவும் எந்திரிக்கலை.

தனபால்: வேடிக்கை பாக்க வந்திருப்பாங்க.

ஷிரீன்: வேடிக்கை பாக்குறவங்க வண்டியப் பாத்துல்ல உக்காருவாங்க. இவங்க முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்க. ஊரே இந்தப் பக்கம் நிக்குது, இவங்க மட்டும் தனியா.

ஸ்ரீதேவி: எங்க, காட்டுங்க.

தனபால்: ஸ்ரீதேவி, கீழ போயி அந்தக் கடையில ஒரு பாட்டல் தண்ணி வாங்கியாயேன்.

ஷிரீன்: தண்ணி இங்கயே இருக்குண்ணா.

தனபால்: சோடா வாங்கியா. நெஞ்சக் கரிக்குது.

ஸ்ரீதேவி: ரெண்டு மாடி எறங்கி ஏறோணும். எனக்கு முட்டி வலி, உங்களுக்குத் தெரியாதா? காட்டுங்க அம்மிணி... வயசு கம்மியாட்டத்தான் தெரியுது. முப்பதுக்குள்ள இருக்கும்.

ஷிரீன்: யாருண்ணா இவங்க?

தனபால்: ...பேரு தெரியாதுங்க.

ஷிரீன்: எதுக்கு உக்காந்தாங்க?

தனபால்: குச்சியப் புடுங்கி வீசிட்டு உக்காந்துட்டாங்க. நான் போயி, எந்திரிங்கன்னு கையக் காட்டுனேன். என்னைப் பாக்கவேயில்லை. 'அக்கீ நாவ்'னாங்க. ரெண்டே வார்த்தை.

ஷிரீன்: இங்க வேண்டாம்.

தனபால்: ஆமாங்க. பொறவு ரெண்டு கையையும் தரைக்குப் பக்கத்துல வெச்சு, இத்தனை நீளம்னு காட்டுனாங்க.

ஷிரீன்: எத்தனை?

தனபால்: இந்தா, இத்தனைங்க.

ஷிரீன்: ஒரு முழம்கூட இல்லையே.

தனபால்: அவ்வளவுதாங்க.

ஷிரீன்: கொழந்தையா?

தனபால்: ஆமாங்க. பச்சக் கொழந்தை. அங்க பொதைச்சிருக்கு. கல்லு இல்ல, சிலுவை இல்ல, ஒண்ணுமில்ல. வெறும் தரை. மிஷின் வெச்சுப் பாக்கறவனுக்கு எப்புடித் தெரியும்?

ஷிரீன்: யா அல்லாஹ்... இதை ஏண்ணா இவ்வளவு நேரம் சொல்லலை? இதைவிட நல்ல காரணம் வேணுமா? மொதல்லயே சொல்லியிருந்தா லெட்டர் இந்நேரம் போயிருக்கும்.

தனபால்: சொன்னா நெசந்தானான்னு தோண்டிப் பாப்பாங்களே. அந்தப் பொண்ணுகிட்ட என்ன காயிதம் இருக்குது? எந்த ஆபீசும் வாய் வார்த்தைய நம்பாதுங்க. தோண்டறதுக்கா நான் தள்ளிப் போட்டேன்?

ஷிரீன்: தோண்டாத மாதிரி எழுதுறேன். 'அடக்கம் செய்த இடம் என்று ஊர்மக்கள் தெரிவித்ததால், மரியாதை கருதி இடம் மாற்றப்பட்டது. அந்த நிலத்தை யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.' இது ரெண்டு பாஷைலயும் கவுரவமா நிக்கும். பேர் போட மாட்டேன்.

தனபால்: அப்புடி எழுத முடியுங்களா?

ஷிரீன்: முடியும். மத்த ஊர்க்காரங்க யாரும் எதுவும் சொல்லலையா?

தனபால்: ஒரு பெரியவரு இருந்தாரு. அந்தப் பொண்ணைப் பாக்காம வேற பக்கம் திரும்பி நின்னாரு. அவருக்குத் தெரியும்னு அதுலயே தெரிஞ்சுச்சு. நான் போயி நாப்பதடி நடந்து அளந்து காட்டுனேன். தலைய ஆட்டுனாரு.

ஸ்ரீதேவி: நாப்பதடிங்களா?

தனபால்: ...ம்.

ஸ்ரீதேவி: அதென்ன கணக்கு நாப்பது?

தனபால்: ரெண்டு ராடு நீளம். அவ்வளவு தள்ளிட்டா ஏர் அடிக்கறப்போ சேறும் தூளும் அங்க போயி உழுகாது.

ஷிரீன்: ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேண்ணா. அந்தம்மா பாஷை உங்களுக்குத் தெரியாது. கையால ஒரு முழம் காட்டினா அது நாயா இருக்கலாம், பொட்டியா இருக்கலாம், சாமி சிலையா இருக்கலாம். கொழந்தைதான்னு எப்படிப் பாத்ததும் தெரிஞ்சுச்சு?

தனபால்: தெரிஞ்சுச்சுங்க.

ஷிரீன்: அதான், எப்படி?

தனபால்: உக்காந்திருந்த விதத்துலதான். எழுதுங்க அம்மிணி, நேரம் ஆவுது.

ஷிரீன்: எழுதிட்டேன். இங்கிலீஷும் முடிஞ்சுது, போர்ச்சுகீஸும் முடிஞ்சுது. அவங்க ஃபாரத்துல கடைசிக் கேள்வி இது. 'இதே காரணத்துக்காக நீங்கள் இதற்கு முன் எப்போதாவது இடத்தை மாற்றியதுண்டா? உண்டெனில் எங்கே?' நான் 'நுங்கா ஆன்தெஸ்'னு அடிச்சுட்டேன். படிச்சுக் காட்டவா?

தனபால்: வேண்டாமுங்க. எங்க கையெழுத்து?

ஷிரீன்: இங்க. பிரிண்ட் எடுத்தாச்சு. போட்டதும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுறேன்.

ஸ்ரீதேவி: போடாதீங்க.

தனபால்: என்ன புள்ள?

ஸ்ரீதேவி: பேனாவ வெய்யுங்க. ஒண்ணு கேக்கோணும்.

தனபால்: ஊட்டுக்குப் போயிக் கேளு.

ஸ்ரீதேவி: இங்கயே கேக்கறேன். அம்மிணி இருக்கறப்பவே கேக்கறேன். ஊட்டுக்குப் போனா நீங்க மாட்டைப் புடிச்சுக் கட்டோணும்னு போயிருவீங்க.

ஷிரீன்: அக்கா, நான் வேணா உள்ள போகட்டுமா?

ஸ்ரீதேவி: இருங்க அம்மிணி. எங்களுக்கு மொதல்ல ஒரு பையன் பொறந்தான். எங்க பொண்ணு தனப்பிரியாவுக்கு முன்னாடி. முப்பத்தோரு நாள் இருந்தான். இவரு அப்ப வண்டியில மத்தியப் பிரதேசம் போயிருந்தாரு. போன் போட்டுச் சொல்லி, ரயில் ஏறி வர்றதுக்குள்ள அஞ்சு நாள் ஆயிப்போச்சு. அதுவரைக்கும் வெச்சிருக்க முடியுங்களா?

ஷிரீன்: முடியாதுக்கா.

ஸ்ரீதேவி: எங்க மாமனாரு, தங்கசாமின்னு பேரு, அவருதான் தூக்கிட்டுப் போயி எங்க தோட்டத்துலயே வெச்சாரு. எங்க ஊட்டுப் பழக்கத்துல பெத்தவளுக்கு எடம் சொல்ல மாட்டாங்க. சொன்னா அங்கயே போயி உழுந்து கெடப்பாளாம். எனக்குத் தெரியாதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு பாத்துட்டேன்.

தனபால்: ஸ்ரீதேவி...

ஸ்ரீதேவி: ரெண்டு வருசம் கழிச்சு மாமனாரு போர் போடோணும்னாரு. ஒரு ஆளு வந்து பாத்து, இங்கதான் தண்ணின்னு குச்சி நட்டுட்டுப் போயிட்டான். சரியா அந்த எடம். மாமனாருக்குத் தெரியும். அவரு வாயே தொறக்கலை. கெணறு வத்தி, பயிரு காயுது, அவரு என்ன செய்வாரு. இவரு வேலை செஞ்ச வண்டியே வந்துச்சு. நான் சோத்துப் போசியத் தூக்கிட்டுப் போயி அந்தக் குச்சிகிட்ட உக்காந்துட்டேன். ஏன் இங்க உக்காந்திருக்கறன்னு இவரு கேட்டாரு. கால் வலிக்குதுன்னேன்.

ஷிரீன்: அண்ணன்கிட்ட நிஜத்தைச் சொல்லலையா?

ஸ்ரீதேவி: அவரு அவன் மூஞ்சியவே பாக்கலைங்களே. எடத்த மட்டும் எப்புடிக் காட்டுவேன்? சாப்புடுங்கன்னு போசியத் தொறந்தேன். இவரு சாப்புடலை. எங்க மாமனாரைத் திரும்பிப் பாத்தாரு. பூசைக்கு வெச்சிருந்த தேங்காய எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நடந்தாரு. நாப்பதடி போயி, இங்க நிக்குதுப்பா, இங்கயே போடலாம்னாரு. எங்கொழந்தைய அந்தச் சாமிதான் காப்பாத்திக் குடுத்துச்சுன்னு இருபது வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கறேன். ஏனுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கு நம்ம தோட்டத்துல அந்தத் தேங்காய் நெசமாலுமே நின்னுச்சுங்களா?

தனபால்: நிக்கலை புள்ள, நடந்த தூரம் பூரா படுத்தேதான் கெடந்துச்சு. அம்மிணி, அந்த நுங்காவ எடுத்துருங்க. முன்னாடி ஒரு தடவை நடந்திருக்குதுன்னு எழுதுங்க, எடம் எருமப்பட்டி.